எலும்பு வேறு, மூட்டு வேறு

நாராயணவனத்துக்குப் பக்கத்து ஊர் புத்தூர். கை கால் முறிந்தால் தமிழ்நாட்டிலிருந்தும் மக்கள் புத்தூருக்குப் போவார்கள். அங்கே பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் தடவுவார்கள். துணி சுற்றி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார்கள். இதுதான் புத்தூர் கட்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தப் பெயரில் பலகை தொங்குகிறது.

சிம்பு என்ன செய்கிறது? முறிந்த எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அசையாமல் இருந்தால் எலும்பு கூடி வளரும். ஆனால் அடிபட்டது மூட்டு என்றால்?

பெரியவர்கள் உடம்பில் 206 எலும்புகள் உண்டு. இரண்டு எலும்புகள் சேரும் இடமே மூட்டு.

நாராயணவனத்தில் தறி நெய்கிறவரைக் கவனியுங்கள். மிதியை அழுத்தும்போது முழங்கால் மடங்கி நீள்கிறது. கதவு திறந்து மூடுவது போல. முழங்கையும் அப்படித்தான். இவை கீல் மூட்டுகள். கீல்வாதம் என்கிறோமே, அந்தக் கீல்தான் இது.

தோள் எல்லாப் பக்கமும் சுழலும். அங்கே எலும்பின் தலை பந்து போல இருக்கும். அது ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். தொடை இடுப்பில் சேரும் இடமும் இப்படித்தான். ஆனால் இடுப்பில் கிண்ணம் ஆழம். தோளில் ஆழம் இல்லை. அதனால்தான் தோள் எளிதில் நழுவுகிறது.

நெசவாளர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். திருகைக் கல் முளையைச் சுற்றுவது போல, கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவது எலும்பின் முளையைச் சுற்றுகிறது. முதுகெலும்பின் மூட்டுகள் கொஞ்சம்தான் அசையும். மண்டை ஓட்டின் மூட்டுகள் அசைவதே இல்லை.

நன்றாக அசையும் மூட்டுக்குள் என்ன இருக்கிறது? எலும்பின் நுனியில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கும். சுற்றிலும் ஒரு பை. பைக்குள் வழுவழுப்பான நீர். வண்டி அச்சுக்கு மசகு போல அது உதவுகிறது. எலும்புகள் விலகாமல் வெளியே உறுதியான நார்கள் கட்டியிருக்கும்.

மூட்டுக்கு அசைவு வேண்டும். அதிக நாள் கட்டி வைத்தால் அது விறைத்துப் போகும். அதற்காக, அடிபட்ட உடனே இழுத்து அசைக்கக் கூடாது. நழுவிய மூட்டை வீட்டில் இழுத்தால் நரம்பும் இரத்தக் குழாயும் கெடலாம். எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. அடிபட்ட முழங்கையை உருவினால் தசைக்குள் எலும்பு வளரலாம். பிறகு கை மடங்காது. குழந்தைகளுக்குப் பலர் இதைத்தான் செய்கிறார்கள்.

என்ன செய்யலாம்? கையை அதன் போக்கிலேயே வைத்து, துண்டைத் தூளி போலக் கழுத்தில் கட்டுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நழுவலா, முறிவா என்று எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

யார் கட்டுப் போட்டாலும் விரல் நுனிகளைப் பாருங்கள். விரல் நீலமானால், குளிர்ந்தால், மரத்துப் போனால் கட்டு இறுக்கம். வலி தாங்க முடியாமல் போனாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். இரத்தம் ஓடாவிட்டால் சில மணி நேரத்தில் கையின் தசை சாகத் தொடங்கலாம்.

கட்டு சரியாக இருந்தால், வெளியே தெரியும் விரல்களை அன்றே மடக்கி நீட்டச் சொல்வார் மருத்துவர். கட்டு பிரித்த பிறகு முழங்கைக்கும் தோளுக்கும் பயிற்சி சொல்லித் தருவார். முதலில் வலிக்கும். நெசவாளரின் கை மறுபடி தறிக்கயிற்றை இழுப்பது அந்தப் பயிற்சியால்தான்.