பழைய கணனியைக் கைவிட முன்

இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் சிலவற்றில், வெளிநாட்டு உறவினரோ மூடப்பட்ட அலுவலகமொன்றோ கொடுத்த பழைய கணனி இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கென்று வந்த அதில் காலப்போக்கில் காணி மீட்புக்கான கடிதங்களும், நட்டஈட்டு விண்ணப்பங்களும், உறுதியின் படப்பிரதியும் சேர்ந்துவிடுகின்றன. ஒருநாள் அது இழுபடத் தொடங்குகிறது. "இதற்கு இனி ஒன்றும் வராது, புதிதாய் வாங்குங்கோ" என்கிறார் கடைக்காரர்.

அதில் பாதிதான் உண்மை. இயந்திரம் வேறு, அதை இயக்கும் மென்பொருள் வேறு. வின்டோஸ் 7 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14 இலும், வின்டோஸ் 10 இற்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14 இலும் முடித்துக்கொண்டது. புதிய வின்டோஸ் 11, 2018 இற்கு முந்திய கணனிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. முடிந்தது கம்பனியின் ஆதரவே. இயந்திரத்தின் ஆயுள் அல்ல.

எதைத் தொடுமுன்னும் உங்கள் பத்திரங்களை இரண்டு பென் ட்ரைவ்களில் பிரதி செய்யுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், மற்றது நம்பிக்கையான உறவினரிடம் இருக்கட்டும். கடைக்குக் கொடுத்த கணனி வெறுமையாய்த் திரும்பி வந்தால் யாரிடம் கேட்பது? இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எமது பழைய கடிதங்கள் பல 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தெரியும். பயந்து அழித்துவிடாதீர்கள்! பாமினி எழுத்துருவையும் கூடவே பிரதி செய்து, புதிய இடத்தில் நிறுவினால் தமிழ் மீண்டும் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றித்தரும் இலவச வசதிகளும் உண்டு. ஆனால் மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் குழம்பும்; மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆகவேண்டும்.

அடுத்து, சிறிய கோளாறுகள். தினமும் திகதி பிழையாகக் காட்டினால் உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 என்ற நாணயம் போன்ற பற்றரி தீர்ந்திருக்கும். திகதி பிழைத்தால் இணையப் பக்கங்களும் திறக்க மறுக்கும். இந்தச் சின்னப் பற்றரிக்காகவே 'பழுதாகிப்போன' கணனிகள் உண்டு. வேகம் குறைவென்றால் சுழலும் வன்தட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுவது, புதிய கணனி வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

இனி மென்பொருள். களவாய்ப் பிரதிபண்ணிய வின்டோஸை யாராவது மலிவாகத் தரலாம். அதோடு வைரசும் வரலாம். நாம் சிபாரிசு செய்வது லினக்ஸ் மின்ட். அது முற்றிலும் இலவசம்; அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 கிகாபைட் நினைவகம் வேண்டும்; 4 இருந்தால் சிரமமில்லை. செயலி 64 பிற்றாக இருக்கவேண்டும். இன்ரெலின் கோர் 2 டுவோவும் அதற்குப் பின் வந்த கோர் வகைகளும் அப்படியானவையே. கடிதம் எழுத உதவும் லிப்ரே ஒபிஸும் அதனுடனேயே வருகிறது. பழைய வேர்ட் கோப்புகளை அது திறக்கும்.

தரவிறக்கம் ஏறக்குறைய 3 கிகாபைட். ஆகவே நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில் ஒருவர் இறக்கினால் ஊரிலுள்ள எல்லோரும் பயன்படுத்தலாம். அதை 'ரூபஸ்' போன்ற மென்பொருளால் பென் ட்ரைவில் எழுதவேண்டும். வெறுமனே பிரதிபண்ணினால் இயங்காது. எழுதும்போது அதிலிருந்த யாவும் அழியும் என்பதால் பத்திரங்கள் உள்ள பென் ட்ரைவைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

வன்தட்டைத் தொடாமலே பென் ட்ரைவிலிருந்து மின்டை இயக்கிப் பார்க்கலாம். ஒலி, இணையம், அச்சியந்திரம் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். சில பழைய அச்சியந்திரங்களுக்கு லினக்ஸில் இயக்கி கிடையாது. திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள்.

32 பிற் மட்டுமேயான மிகப் பழைய இயந்திரங்களை லினக்ஸ் உலகமும் மெல்லக் கைவிட்டு வருகிறது. அவற்றை இணையத்தில் இணைக்காமல், பிள்ளைகளின் தட்டச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

உதவிக்கு ஆள் தேடும்போது, செய்வதை உங்கள் முன்னே செய்து, பிள்ளைக்கும் சொல்லித்தரும் ஒருவரைப் பிடியுங்கள். கொப்பியொன்றில் திகதி, மாற்றிய உதிரிப்பாகம், கடவுச்சொல் மூன்றையும் எழுதி, காணி உறுதி இருக்கும் பெட்டிக்குள் வையுங்கள்.