குடிநோய்க்கும் வேண்டும் கிளினிக் கொப்பி

வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரி போக யாரும் வெட்கப்படுவதில்லை. குடிக்கு மருந்து கேட்கத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்தை வளர்க்கும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: "இந்த மழைக்கும் குளிருக்கும் கொஞ்சம் போட்டாத்தான் உடம்பு தாங்கும்."

உண்மை: இலங்கையில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. நனைந்து வேலை செய்கிறவரின் அலுப்பு பொய்யல்ல. ஆனால் சாராயமோ கசிப்போ உள்ளே போனதும் தோலடி இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளிருக்கும் சூடு வெளியேறிவிடும். கதகதப்பாகத் தோன்றும்போதே உடம்பு உள்ளுக்குள் குளிர்கிறது.

நம்பிக்கை: "விடாதவனுக்கு ரோஷமில்லை."

உண்மை: நெடுநாள் குடி மூளையின் வேலையையே மாற்றிவிடுகிறது. ஆசையை அடக்கும் பலம் அதனால்தான் குறைகிறது. இது நோய், மருந்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட் இரண்டையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நம்பிக்கை: "மாலை போட்ட அன்றே ஒரேயடியா நிறுத்திடணும்."

உண்மை: விரதம் நல்ல தொடக்கம். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் சிலர் பிதற்றுவார்கள், இல்லாததைக் கண்டு அலறுவார்கள். பேய் பிடித்ததென்று பூசாரியிடம் கொண்டு போனால் உயிரே போகலாம். மாலை போடுமுன் டாக்டரைப் பாருங்கள். டயசெபம் போன்ற மருந்தும் வைட்டமின் பி1உம் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த முடியும். முன்பு வலிப்பு வந்தவர் ஆஸ்பத்திரியில் தங்கித்தான் நிறுத்த வேண்டும்.

நம்பிக்கை: "தெரியாம சோத்துல மருந்து கலந்து குடுத்தா வெறுத்துடுவாரு."

உண்மை: இப்படிக் கலக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், இரத்த அழுத்தம் சரிந்து உயிராபத்தும் நேரலாம். அவர் சம்மதமும் டாக்டரின் கண்காணிப்பும் இல்லாமல் கொடுக்கவே கூடாது.

நம்பிக்கை: "மறுபடி குடிச்சிட்டாரு, இனித் திருந்தமாட்டாரு."

உண்மை: அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2000இல் வந்த ஆய்வுக் கட்டுரையின்படி, சிகிச்சை பெற்ற ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதத்தினர் போதைக்குத் திரும்புகிறார்கள். பிரஷரும் ஆஸ்துமாவும் திரும்ப மோசமாவது இதைவிடக் குறைவல்ல. சீனி கூடினால் மருந்தை மாற்றுகிறோம், யாரையும் கைவிடுவதில்லை. குடிக்கும், கஞ்சா, ஹெரோயின், ஐஸுக்கும் அதே பொறுமை வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்கப் பணம் கட்டத் தேவையில்லை. முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேவையானால் கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். தேசிய மனநல உதவி எண் 1926. வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது. அடுத்த தேதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். நடுவில் அவர் குடித்துவிட்டாலும் அந்தத் தேதிக்குப் போகத் தவறாதீர்கள்.