செல்போனிலேயே ஆயுள் சான்று

கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடியாயிற்று. ஆனாலும் அங்கே வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற பெரியவர்களுக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டும் ஆயுள் சான்று மட்டும் வருஷா வருஷம் தேவை. அங்குள்ள ராபர்ட்சன்பேட்டையில் வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே கொடுக்கலாம்.

‘ஜீவன் பிரமாண்’, ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’ என்ற இரண்டு ஆப்களையும் பிளே ஸ்டோரிலிருந்து இறக்குங்கள். ‘ஜீவன் பிரமாண்’ முதலில் ‘ஆபரேட்டர்’ விவரம் கேட்கும். பலர் மிரண்டு மூடிவிடுவது இங்கேதான். ஆபரேட்டர் வேறு யாருமில்லை, நீங்களே. மெயில் முகவரியும் கேட்கும், முன்பே தயாராக இருக்கட்டும்.

முகத்தைப் படமெடுக்கும்போது ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் முதுகுப்பக்கம் விழுந்தால் எடுக்காது. கண்ணைச் சிமிட்டச் சொன்னால் நிதானமாக ஒருமுறை சிமிட்டினால் போதும்.

இபிஎஃப் பென்ஷன்காரர்கள் நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த மாதம் கொடுத்தாலும் ஓராண்டு செல்லும். “சான்று புதுப்பிக்கிறோம், ஓடிபி சொல்லுங்க” என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.