வீட்டுக் கேள்விகளுக்கு வேதியியல் பதில் சொல்வது எப்படி?

வேதியியல் படித்தவர் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டால் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் ஏன் சிவக்கிறது, கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, போர்த் தண்ணீர் குடத்தில் நின்றதும் ஏன் பழுப்பாகிறது என்று கேட்பார்கள். பள்ளி ஆசிரியரிடமும் வரும், கல்லூரி மாணவரிடமும் வரும், மருந்துக்கடை அண்ணனிடமும் வரும். கேட்பவர்களுக்குப் பாடம் வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, அந்த வேட்டியைக் காப்பாற்ற முடியுமா என்று அவர்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு உதவினால்தான் அது பதில். அப்படிப் பதில் சொல்லப் பழகுவதற்கான சில வழிகள் இவை.

முதலில், அவசரமா என்று பாருங்கள்

“டீச்சர், பாத்ரூம் கழுவிட்டிருந்தேன், ஒரே நெடி, கண்ணெல்லாம் எரியுது. எதனால?” என்று ஒருவர் போனில் கேட்டால் காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். “உடனே வெளிய வாங்க, கதவைத் திறந்து வையுங்க, மறுபடி உள்ள போகாதீங்க” என்பதே முதல் வாக்கியம். மற்றதெல்லாம் அவர் வெளியே வந்தபிறகு.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். கறை போகவில்லை என்று ஆசிட்டை ஊற்றியிருப்பார். அதுவும் போதாதென்று மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவியிருப்பார். கடையில் விற்கும் ஆசிட்டும், கழிப்பறை கழுவும் திரவங்களில் பலவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, தரையோரமாகவே தங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேரே நிற்கும் என்று அர்த்தம். ஜன்னல் இல்லாத குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அமிலத்தை முறிக்கிறேன் என்று வேறெதையும் கொண்டுபோய் ஊற்ற விடாதீர்கள்.

இதே வரிசையில் இன்னொன்று: குழந்தை மண்ணெண்ணெயோ ஆசிட்டோ குடித்துவிட்டது என்று ஓடி வருவார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் ஊரில் பழைய வழக்கம். இந்த இரண்டுக்கும் அது கூடவே கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். அமிலம் மேலே வரும்போது உணவுக்குழாயை இரண்டாவது முறை எரிக்கும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே உங்கள் வேலை முடிந்தது.

திருப்பிக் கேளுங்கள்

அவசரமில்லாத கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவது நல்ல பழக்கமல்ல. “போர்த் தண்ணி கலரா வருது சார், என்ன செய்யலாம்?” என்பதற்குப் பத்துக் காரணங்கள் இருக்கலாம். மூன்று கேள்விகள் போதும். மோட்டார் போட்டதும் தெளிவாக வந்து, பிறகு நிறம் மாறுகிறதா? மாறினால் எவ்வளவு நேரம் கழித்து? பக்கெட்டின் உட்புறம் துரு நிறத்தில் படிகிறதா?

தெளிவாக வந்து, நிற்க நிற்கப் பழுப்பாகி அடியில் படிந்தால் இரும்பு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். நிலத்தடியில் காற்று படாத இடத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். அப்போது நிறம் தெரியாது. வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் கரையாத வடிவத்துக்கு மாறித் துருவாகப் படியும். மாறாக, மோட்டார் போட்ட நொடியிலேயே கலங்கலாக வந்தால் மண்ணோ, குழாயின் துருவோ, வேறெதுவோ. இரண்டுக்கும் மருந்து வேறு. கேட்காமல் சொன்னால் தவறான ஃபில்டருக்குப் பணம் கொடுத்துவிட்டு வருவார்.

உறுதிப்படுத்த ஒரு சோதனையும் சொல்லிக்கொடுக்கலாம். அந்தத் தண்ணீரில் பால் கலக்காமல் டீ போடச் சொல்லுங்கள். இரும்பு நிறைய இருந்தால் டிகாஷன் மை போலக் கறுக்கும். தேயிலையில் உள்ள டானின்கள் இரும்போடு சேர்ந்து தரும் கறுப்பு அது. கடுக்காயையும் அன்னபேதியையும் வைத்து மை காய்ச்சியவர்கள் பயன்படுத்தியதும் இதே வேதியியல்தான். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட்.

செய்ய வேண்டியது முதலில், காரணம் பிறகு

“வெள்ளை வேட்டில சாம்பார் கொட்டிடுச்சு. சோப்பு போட்டா ரத்தச் செவப்பா ஆயிடுச்சு. சோப்புல ஏதாவது கலக்குறாங்களா தம்பி?” என்று பெரியவர் ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள்.

“சோப்புல தப்பில்லீங்க ஐயா. நல்லா அலசிட்டு உச்சி வெயில்ல காயப் போடுங்க. போகலைன்னா இன்னொரு தடவை துவைச்சுக் காயப் போடுங்க, வெளுத்துடும்.” இவ்வளவு சொன்னால் அவர் கவலை தீர்ந்தது. நின்று கேட்டால் தொடருங்கள். மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். சோப்பு காரம். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவப்பதும் இதனால்தான். வெயில் குர்குமினைச் சிதைத்துவிடும், அதனால்தான் வெளுக்கிறது. வேட்டி ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கண்ணெதிரே நிறம் திரும்புவதைக் காட்டலாம்.

இதற்கு மேல் மூலக்கூறு வடிவத்துக்குள் போகத் தேவையில்லை, அவராகவே கேட்டாலொழிய. ஆரத்தித் தட்டில் அவர் ஆயிரம் முறை பார்த்த ஒன்றோடு உங்கள் பதில் சேர்ந்துவிட்டது. அதை மறக்க மாட்டார்.

கண்ணால் பார்க்க வையுங்கள்

சொல்லி நம்ப வைப்பதைவிடக் காட்டி நம்ப வைப்பது நல்லது. இதற்கு மிக அவசியமான இடம், வீடு தேடி வந்து தண்ணீர்ச் சுத்திகரிப்பான் விற்பவர்கள் செய்து காட்டும் வித்தை. இதைப் பற்றி யார் கேட்டாலும் நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். ஏமாறுவது பெரும்பாலும் முதியவர்கள்.

இரண்டு டம்ளர்கள். ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், மற்றொன்றில் அவர்களுடைய ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுப்பார்கள். உங்கள் தண்ணீர் சில நிமிடங்களில் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, சகதி மிதக்கும். அவர்கள் தண்ணீர் அப்படியே இருக்கும். “இதைத்தாம்மா நீங்க இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க” என்பார்கள். பார்த்தவருக்கு வயிற்றைக் குமட்டும்.

அந்தச் சகதி தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பிகளில் சில இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பாயும்போது கம்பியின் இரும்பு கரைந்து ஹைட்ராக்சைடாக மாறிக் கலங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரைவதும் மிகக் குறைவு. கேட்பவருக்கு ஒரே ஒரு உபாயம் சொல்லிக்கொடுங்கள்: விற்பவரையே அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே சோதனையை மறுபடி செய்து காட்டச் சொல்ல வேண்டும். அதுவும் அப்படியே கலங்கும். நாமாக வயரைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்; வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.

அளவைச் சொல்லாமல் விடாதீர்கள்

“இதுல கெமிக்கல் இருக்கா?” என்று கேட்பவரிடம் “தண்ணீரே கெமிக்கல்தான்” என்று மடக்குவது நாம் அதிகம் செய்யும் தவறு. உடம்புக்குக் கெடுதலா என்பதே அவர் கேட்டது. எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாள் என்று பிரித்துச் சொல்லுங்கள். எண்ணை அப்படியே கொடுத்தால் பயம்தான் கூடும். டி.டி.எஸ். 500 என்றால் பெரிதாகத் தோன்றும். லிட்டருக்கு அரை கிராம், 12 லிட்டர் குடத்துக்கு 6 கிராம், ஏறத்தாழ ஒரு டீஸ்பூன் உப்பு என்று சொன்னால் புரிந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவும் அந்த 500 மில்லிகிராம்தான். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது.

வீட்டில் முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள்

மாம்பழக் கேள்விக்குத்தான் வாட்ஸ்அப்பில் ஏராளமான பதில்கள் சுற்றுகின்றன. தண்ணீரில் போட்டால் மிதப்பது கல் வைத்தது என்பது அவற்றில் ஒன்று. மூழ்குவதும் மிதப்பதும் காய் மரத்தில் முற்றியதா என்பதைத்தான் ஓரளவு காட்டும். சமையலறையில் கார்பைடை உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, மணமில்லாமல், உள்ளே புளித்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். கால்சியம் கார்பைடு ஈரம் பட்டால் அசிட்டிலின் வரும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கும் என்பதே பெரிய கவலை. அதனால்தான் 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் அதற்குத் தடை. எத்திலின் வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதிக்கப்பட்டது. பழம் தானாகவே வெளியிடுவதும் அதுதான். பருவத்தில் முற்றிய காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ பழுக்க வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கும் இதே எல்லை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடுக்கு நிறமில்லை, ருசியில்லை, காய்ச்சினாலும் போகாது. டி.டி.எஸ். மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டதே அந்தப் பகுதியின் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான்.

இப்படிப்பட்ட கேள்வி வந்தால் ஆய்வகத்துக்கு வழி காட்டுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டிப் பொதுமக்களும் கொடுக்கலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, நிரப்பி, இடத்தையும் தேதியையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கிருமிச் சோதனை வேண்டுமென்றால் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை வந்ததும் பலரும் அதை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள், படிக்கத் தெரியாததால். அதை வாங்கி ஃபுளோரைடு 1.5-க்குள் இருக்கிறதா, நைட்ரேட் 45-க்குள் இருக்கிறதா என்று வரிவரியாக அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.