குறும்பொழுதில் கூட்டுப்பணி

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடினர். பெருந்திட்டம் தீட்டி நெடுநாள் உழைத்தலினும், சிறு பகுதியை விரைந்து முடித்து, பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்துதலே நன்றென உடன்பட்டு, அம்முறைக்கு 'அஜைல்' எனப் பெயரிட்டனர்.

குறுகிய பொழுதில் மென்பொருள் படைக்கும் போட்டியாகிய 'ஹேக்கத்தான்' இதன் அருமையை விளக்கும். 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் மாணவர் குழுக்கள் 36 மணி நேரம் இடைவிடாது உழைத்தன. இத்தகைய போட்டியில் அனைத்தையும் ஒருங்கே செய்யப் புகும் குழு, இறுதியில் இயங்காப் பகுதிகளோடு நிற்கும். இன்றியமையாததை முதலில் இயங்கச் செய்யும் குழுவோ எவ்வேளையும் காட்டத்தக்க பொருளுடையது.

உறுப்பினர் அடிக்கடி கூடி, முடிந்தது யாது, அடுத்தது யாது, தடை யாது என வினவுதல் வேண்டும். தடையை மறைப்பவன் குழுவின் பொழுதையே கவர்கின்றான். ஆதலின், மாணவர்களே, 'இஃது என்னால் இயலவில்லை' என உரிய வேளையில் உரைத்தலும் கூட்டுப்பணியின் அறமேயாம்.