வார்ப்புருவைத் திருத்தினால் பக்கம் ஏன் உடனே மாறுவதில்லை?

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு நகரத்தைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும். படம், மக்கள்தொகை, பரப்பளவு எல்லாம் அதற்குள் வரும். அதைத் தகவற்சட்டம் என்பார்கள். பெட்டியின் அமைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதப்படுவதில்லை. ‘வார்ப்புரு’ என்ற தனிப் பக்கத்தில் ஒருமுறை எழுதிவைத்தால் போதும், மற்றப் பக்கங்கள் அதை அழைத்துக்கொள்ளும்.

ஒருவர் அந்த வார்ப்புருவில் ‘பரப்பு’ என்ற சொல்லைப் ‘பரப்பளவு’ என்று மாற்றிச் சேமிக்கிறார் என வைத்துக்கொள்வோம். வார்ப்புருவில் புதிய சொல் உடனே தெரிகிறது. நகரப் பக்கத்திலோ பழைய சொல்லே நிற்கிறது. சற்று நேரம் கழித்துத்தான் அது மாறுகிறது. இடையில் என்ன நடக்கிறது?

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள் மீடியாவிக்கி. அது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. ரஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995ல் வெளியிட்ட மொழி இது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வரில் நிரல் ஓடும், பக்கத்தை உருவாக்கி அனுப்பும், பிறகு எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்தவர் கேட்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பக்கத்தை உருவாக்குவதில் ஒரு பகுதி எப்போதும் மாறாதது: மேலே பெயர், ஓரத்தில் பட்டியல், அடியில் உரிமக் குறிப்பு. சிராங்கூன் சாலைக் கடைவீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கடைகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதை தொடர்ந்து இருக்க வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822ல் கட்டளையிட்டார். ஐந்தடி நடைபாதை அப்படி வந்ததுதான். முகப்பு ஒரே விதி, உள்ளே பூக்கடையா நகைக்கடையா என்பது கடைக்காரர் விருப்பம். பக்கத்தின் பொது முகப்பைத்தான் லேஅவுட் என்கிறோம். 2011ல் வந்த லாராவெல் போன்ற பிஎச்பி கட்டமைப்புகளில் லேஅவுட் கோப்பின் நடுவே ஓர் இடம் காலியாக விடப்படும். ஒவ்வொரு பக்கமும் தன் உள்ளடக்கத்தை மட்டும் அங்கே நிரப்பும். மீடியாவிக்கியில் இந்த வேலையை ‘ஸ்கின்’ செய்கிறது. ஸ்கின்னை மாற்றினால் கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறாமல் முகப்பு முழுவதும் மாறிவிடும்.

வந்த கோரிக்கையைப் படித்து, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பகுதிக்குக் கண்ட்ரோலர் என்று பெயர். காட்டு, திருத்து, வரலாற்றைக் கொடு என்பவை அதன் செயல்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வார்ப்புரு பத்தாயிரம் பக்கங்களில் இருக்கலாம். ‘சேமி’ என்று அழுத்தியவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அத்தனை பக்கங்களையும் புதுப்பிக்க முயன்றால் அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதற்குள் நிரலின் நேரவரம்பே தீர்ந்து, வேலை பாதியில் அறுந்துவிடலாம்.

ஆகவே கண்ட்ரோலர் திருத்தத்தைச் சேமிக்கிறது, ‘இந்தப் பக்கங்களைப் புதுப்பிக்க வேண்டும்’ என்று ஒரு சீட்டு எழுதி வரிசையில் போடுகிறது, உடனே பதில் சொல்லிவிடுகிறது. தேக்கா உணவங்காடியில் ஆர்டரை வாங்கிய கையோடு அடுத்தவரைக் கவனிப்பதைப் போல. சீட்டுகளை எடுத்து முடிப்பவை பின்னால் ஓடும் வேறு நிரல்கள். விக்கிப்பீடியாவுக்கு இதற்கென்றே கணினிகள் உண்டு. மீடியாவிக்கியை நிறுவிய சிறு தளங்களில் அப்படி இல்லாவிட்டால், வருகையாளர் ஒருவருக்குப் பக்கத்தைக் கொடுத்த கையோடு ஒரு சீட்டு முடிக்கப்படும். யாரும் வராத தளத்தில் வரிசையும் நகராது!

சிங்கப்பூர் வாசகருக்கு இன்னொரு படியும் இருக்கிறது. விக்கிமீடியா அறக்கட்டளையின் முதன்மைக் கணினிகள் அமெரிக்காவில் உள்ளன. 2018 முதல் சிங்கப்பூரிலும் ஒரு மையம் இயங்குகிறது. அது பக்கங்களின் நகல்களை வைத்திருந்து இந்த வட்டாரத்துக்குக் கொடுக்கிறது. பக்கம் விரைவாக வருவது அதனால்தான். ஆனால் அமெரிக்காவில் புதுப்பித்தால் மட்டும் போதாது, இங்குள்ள பழைய நகலையும் தள்ளச் சொல்ல வேண்டும். அதுவும் சீட்டில் அடங்கும்.

நீங்கள் நிரல் எழுதத் தொடங்கினால் கவனிக்க வேண்டியது ஒன்று. சீட்டை முடித்துக்கொண்டிருக்கும் கணினி நடுவில் நின்றுபோகலாம். முடிந்ததா என்று தெரியாதபோது அதே சீட்டு இன்னொருமுறை ஓடும். ‘பக்கத்தைப் புதிதாக உருவாக்கு’ என்ற சீட்டு இரண்டுமுறை ஓடினாலும் கெடுதல் இல்லை. பள்ளி முகாமுக்குப் பெயர் பதியும் தளத்தில் ‘மீதி இடங்களில் ஒன்றைக் குறை’ என்ற சீட்டு இரண்டுமுறை ஓடினால், ஒரு மாணவருக்கு இருந்த இடம் காணாமல் போகும். அதையே ‘பதிந்தவர்களை எண்ணி, மொத்த இடங்களிலிருந்து கழித்து எழுது’ என்று அமைத்தால் எத்தனைமுறை ஓடினாலும் ஒரே விடை வரும். ‘மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பு’ என்ற சீட்டை எப்படி எழுதுவீர்கள்?