டீலரைப் போலவே ஆடினால் என்ன?

அன்புள்ள யாழினி,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். "பிளாக்ஜாக்கில் டீலர் 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். நானும் அதே விதியை வைத்துக்கொண்டு ஆடினால் இரண்டு பக்கமும் சமம்தானே? பிறகு காசினோ எப்படிச் சம்பாதிக்கிறது?" நீ கேட்ட மற்றவற்றுக்கெல்லாம் உன் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. உன் நண்பர்கள் அதற்குச் சொன்னதாக நீ எழுதியிருந்த பதில்கள் எனக்கு எரிச்சலையும் மூட்டின. சீட்டைக் குறி வைப்பார்களாம், டீலர் கையில் மாயம் இருக்குமாம். நேர்மையாகக் கலைத்து, நேர்மையாகப் போட்டாலே காசினோ ஜெயிக்கும். அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சீட்டின் மதிப்புகள் உனக்குத் தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். 21க்குக் கீழே எந்த எண்ணிலும் நீ இன்னொரு சீட்டு கேட்கலாம், எந்த எண்ணிலும் போதும் என்று நிறுத்தலாம். டீலருக்கு அந்த உரிமை கிடையாது. அவருக்கான விதியை மேசை விரிப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். மேசையில் இருக்கும் அத்தனை பேரும் 20 வைத்திருக்க, அவருக்கு 10உம் 7உம் வந்தால், தோற்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் அவர் நிற்கத்தான் வேண்டும். இப்படிப் பார்த்தால் சாதகம் உன் பக்கம் என்றே தோன்றும்.

அந்தச் சாதகத்துக்கு நீ கொடுக்கும் விலை, முதலில் ஆடுவது. விதிப்படி ஆடும் டீலர் நூற்றுக்கு ஏறத்தாழ 28 தடவை 21ஐத் தாண்டி அவுட் ஆவார். நீயும் அதே விதியில் ஆடினால் உனக்கும் அதே 28. இரண்டு பேரும் அவுட் ஆகும் ஆட்டங்கள் எத்தனை? 0.28ஐ 0.28ஆல் பெருக்கு. நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள். நியாயப்படி அந்த எட்டும் டிராவாக வேண்டும். ஆகாது. நீ அவுட் ஆனவுடனே டீலர் உன் சிப்புகளை வாரிக்கொண்டு விடுகிறார். பிறகு அவரே அவுட் ஆனாலும் அவை திரும்பி வருவதில்லை. காசினோவின் வருமானம் முழுவதும் இந்த எட்டு ஆட்டங்களில்தான் இருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டாம்.

உனக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்று உண்டு. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் இரண்டு டாலருக்கு மூன்று டாலர் தருவார்கள். அது 21 கைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். டீலருக்கும் அதே வேளையில் வந்து சமமாகிவிடும் கைகளைக் கழித்தால், அந்தக் கூடுதல் பணம் நூறு டாலருக்கு இரண்டே கால் டாலர் அளவு தேறும். மீதி ஐந்தரை டாலர் போல உனக்கு நஷ்டம். டீலரைப் போலவே ஆடுபவர் நூறு டாலர் பந்தயத்துக்கு இந்த அளவு இழக்கிறார். (லாஸ் வேகாஸில் இப்போது பல மேசைகளில் இரண்டுக்கு மூன்று போய், ஐந்துக்கு ஆறு வந்துவிட்டது. அதில் மட்டும் நூற்றுக்கு ஒன்றரை டாலர் வரை கூடுதலாகப் போகிறது. அந்த மேசையில் உட்காருபவர்கள் எழுத்தைப் படிப்பதே இல்லை.)

இதற்கு நேர் எதிரான பயந்த ஆட்டம் ஒன்று உண்டு. அவுட் ஆகவே கூடாது என்று 12 வந்தாலே நிறுத்திக்கொள்வது. அதில் நஷ்டம் நூற்றுக்கு நான்கு டாலர் அளவுதான். பயந்தவர் டீலரைப் போலவே ஆடுபவரைவிடக் குறைவாகத் தோற்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்.

சரியான விடை இரண்டுக்கும் நடுவில், டீலர் திறந்து வைத்திருக்கும் ஒற்றைச் சீட்டில் இருக்கிறது. டீலர் 17க்குக் கீழே நிற்பதே இல்லை. ஆகவே உன் கையில் 12 இருந்தாலும் 16 இருந்தாலும், நிறுத்திவிட்டால் இரண்டும் ஒன்றுதான். டீலர் அவுட் ஆனால் ஜெயிப்பாய், இல்லையென்றால் தோற்பாய். 16 என்பது 12ஐவிட நல்ல கை என்று நினைப்பது முழுத் தவறு. அவர் அவுட் ஆவாரா என்பது ஒன்றே கேள்வி. அவர் காட்டுவது 6 என்றால் நூற்றுக்கு 42 தடவை அவுட் ஆவார். 7 என்றால் 26 தடவைதான். ஒரே ஓர் எண் ஏறியதும் இவ்வளவு சரிவு. காரணம் விதியேதான். 6க்கு அடியில் 10 இருந்தால் 16. விதி அவரை எடுக்கச் சொல்லும். எடுத்தால் 13 வகைச் சீட்டில் எட்டு வகை அவரைக் கவிழ்க்கும். 7க்கு அடியில் 10 இருந்தால் 17. விதி அவரை நிறுத்திக் காப்பாற்றிவிடும். இந்த 6க்கும் 7க்கும் நடுவே உள்ள பள்ளம் பிடிபட்டால் பாதி ஆட்டம் பிடிபட்ட மாதிரி. 6க்கு எதிரே 12 வைத்துக்கொண்டு சீட்டு கேட்காதே. 7க்கு எதிரே 16 வைத்துக்கொண்டு நிற்காதே.

16ஐப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்த கை அது. நீ 16, டீலர் 10. ஆட்டத்திலேயே மோசமான இடம். நிறுத்தினால் நூற்றுக்கு 23 தடவைதான் ஜெயிப்பாய், மிச்சம் 77 தோல்வி. நூறு டாலருக்கு 54 டாலர் போகும். எடுத்தால் 13இல் எட்டு வகை உன்னை அங்கேயே கவிழ்த்துவிடும். ஏஸ், 2, 3, 4, 5 என்று ஐந்து வகைதான் காப்பாற்றும். அதிலும் மூன்று வகை 17, 18, 19 என்று அரைகுறையாக நிற்கும். கூட்டிப் பார்த்தால் இதிலும் நஷ்டம் 54 டாலரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. எடுப்பது மயிரிழையில் மேல். பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து எழுந்துகொள்ள அனுமதிக்கும் மேசையாக இருந்தால் அதுவே உத்தமம், 50 டாலரோடு போகும்.

மயிரிழை என்று சொன்னேன் அல்லவா, அந்த இழை எவ்வளவு மெல்லியது பார். உன் 16 என்பது 10, 6 என்று இரண்டு சீட்டாக வந்திருந்தால் எடு. 4, 5, 7 என்று மூன்று சீட்டாக வந்திருந்தால் நிறுத்து. உன்னைக் காப்பாற்றக்கூடிய 4உம் 5உம் ஏற்கனவே உன் கையில் வந்துவிட்டன. கட்டில் அவை குறைந்துவிட்டன. ஒரே கூட்டுத்தொகை, இரண்டு வேறு விடை. நிபந்தனை நிகழ்தகவு என்பதை வகுப்பில் பந்துகளையும் பானைகளையும் வைத்து நடத்துகிறோம். அதற்குப் பதில் இந்த ஒரு கையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதும் என்பது என் நெடுநாள் கருத்து. இப்படிப்பட்ட நொடியில் ஆட்டக்காரர் வாயால் சொல்வது செல்லாது. விரலால் விரிப்பைத் தட்டினால் சீட்டு, உள்ளங்கையைக் கிடையாக அசைத்தால் போதும். மேலே இருக்கும் கேமராவுக்குக் கைதான் சாட்சி.

அடுத்து ஏஸ் கலந்த கை. செர்வாண்டிஸ் எழுதிய ஒரு கதை உண்டு, 1613இல் வந்த தொகுப்பில். 'டான் கிஹோட்டே'யைவிட நான் அதிகம் திரும்பப் படித்தது இந்தக் கதையைத்தான். ஏமாற்றிப் பிழைக்கும் இரண்டு பையன்கள் செவில் நகரத்துக்குப் போவதைப் பற்றியது. அவர்களில் ஒருவனின் கைவரிசை இருபத்தொன்று என்ற ஆட்டத்தில். ஏஸ் ஒன்றாகவும் நிற்கும், பதினொன்றாகவும் நிற்கும் என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. 400 ஆண்டுகளுக்கு முன்பு எழுத்தில் வந்துவிட்ட செய்தி. ஏஸும் 6உம் சேர்ந்து 17 ஆனதும் கையை அசைத்து நிறுத்துபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்றால், எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கையில் எந்தச் சீட்டு வந்தாலும் அவுட் ஆக முடியாது. ஏஸ் ஒன்றாகச் சுருங்கிக்கொள்ளும். 17 என்ற எண்ணோ, டீலர் அவுட் ஆகாதவரை ஒருபோதும் ஜெயிக்காது, மிஞ்சிப்போனால் சமமாகும். ஆபத்தே இல்லாத இடத்தில், ஜெயிக்காத எண்ணோடு எதற்காக நிற்க வேண்டும்? ஏஸும் 7உம்கூட டீலரின் 9க்கும் 10க்கும் எதிரே போதாது, எடுக்க வேண்டும். காசினோக்களுக்கு இது நன்றாகவே தெரியும். பல இடங்களில் டீலரும் ஏஸ் கலந்த 17இல் எடுக்க வேண்டும் என்று விரிப்பில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியால் அவர்களுக்கு நூற்றுக்கு இருபது சென்ட் கூடுகிறது.

மேசையில் கடைசி நாற்காலிக்காரரைத் திட்டுவது பற்றியும் எழுதியிருந்தாய். "அவர் அந்தச் சீட்டை எடுக்காமல் இருந்திருந்தால் டீலர் அவுட் ஆகியிருப்பார், எல்லோரையும் கெடுத்துவிட்டார்" என்று. புள்ளியியல் படிக்கும் நீ அதை ஒரு காரணமாக எழுதலாமா, அம்மா? கலைத்த கட்டில் மேலே இருக்கும் சீட்டும் அதற்கு அடுத்த சீட்டும் டீலரைக் கவிழ்க்கும் வாய்ப்பில் ஒன்றுக்கொன்று சமம். கடைசி ஆள் மேல் சீட்டை எடுத்தால் டீலருக்கு அடுத்தது. டீலரைக் கெடுத்திருக்க வேண்டிய 10ஐ அவர் எடுத்துப்போவதும், டீலரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய 5ஐ எடுத்துப்போவதும் அவற்றுக்குரிய விகிதத்திலேயே நடக்கும். முன்னது மட்டும் ஞாபகத்தில் தங்குகிறது. பின்னது நடந்தபோது யாரும் அவருக்கு நன்றி சொல்வதில்லை. வரிசையை மாற்றினால் வாய்ப்பு மாறாது என்பதை முதலாண்டிலேயே நிரூபித்திருப்பாய். நிரூபித்ததை நம்பவும் வேண்டும்.

இதையெல்லாம் முதலில் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் நான்கு படைவீரர்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்த பால்ட்வின், கான்ட்டி, மைசல், மெக்டெர்மாட். கணினி கிடையாது; மேசைமேல் வைக்கும் கணக்கு இயந்திரங்கள்தான். டீலருக்குச் சொந்த விருப்பம் கிடையாது என்பதால்தான் அந்தக் கணக்கே சாத்தியமாயிற்று. அவர் மனதை ஊகிக்க வேண்டியதில்லை, விதியைப் பெருக்கினால் போதும். 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வந்தது. 1958இல் கணிதக்காரர் எட்வர்ட் தார்ப் அதைப் படித்துவிட்டு, அதன் அட்டவணையை உள்ளங்கையளவு அட்டையில் எழுதிக்கொண்டு லாஸ் வேகாஸ் போனார். பிறகு எம்ஐடியின் ஐபிஎம் 704 கணினியில் எஞ்சிய சீட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, 1962இல் புத்தகமாக்கினார். 1964இல் பயந்துபோன லாஸ் வேகாஸ் காசினோக்கள் இரண்டு உரிமைகளில் கை வைத்தன. ஏஸ் ஜோடியைப் பிரிக்கக் கூடாது, 11இல் மட்டும்தான் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம் என்றன. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டுப் போனார்கள். சில வாரங்களில் பழைய விதி திரும்பியது.

ஏஸ் ஜோடியைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏன் ஒரே ஒரு சீட்டுதான் தருகிறார்கள் என்ற உன் இன்னொரு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 11இல் தொடங்கும் கை ஆட்டத்திலேயே வலுவான தொடக்கம். அப்படி இரண்டு கையைக் கொடுத்துவிட்டு, வேண்டிய மட்டும் சீட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் சாதகம் உன் பக்கம் அதிகமாகச் சாயும். இரட்டிப்புக்கும் ஒரே சீட்டு என்பதும் அதே வகைதான். எங்கே சீட்டு எடுப்பது உனக்கு லாபமோ, அங்கெல்லாம் விதி எண்ணிக்கையைச் சுருக்குகிறது. எங்கே எடுப்பதால் கவிழ்வாயோ, அங்கே தாராளமாக விட்டுவிடுகிறது.

இவ்வளவு படித்தும், எல்லாவற்றையும் சரியாக ஆடினாலும், நூற்றுக்கு அரை டாலர் போல நஷ்டம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே மேசைக்குப் போகச் சொல்லி இதை எழுதவில்லை. உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லி எழுதுகிறேன். டீலர் எந்தச் சீட்டைக் காட்டினால் எந்த எண்ணில் முடிப்பார் என்ற அட்டவணையை முதலில் தயார் செய். 16இலிருந்து கீழ்நோக்கி வா, இல்லாவிட்டால் சிக்கிக்கொள்வாய். சீட்டு தீராத கட்டு என்றே வைத்துக்கொள், ஒவ்வொரு வகைக்கும் 13இல் ஒன்று. அட்டவணை முடிந்ததும் உன் 12க்கு எதிரே டீலரின் 4ஐப் போட்டு, எடுப்பதா நிறுத்துவதா என்று இரண்டு மதிப்பையும் தசமத்தில் மூன்று இடம் வரைக்கும் எழுதி அனுப்பு. இரண்டு இடத்தோடு நிறுத்தினால் இந்தக் கையில் வித்தியாசம் தெரியாது.

அன்புடன்,
உன் பேராசிரியர்